குளிரும் கொசுவும் கீழேயிருந்து வந்தன

ஹேமக், அதாவது இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிடும் துணிப் படுக்கை, வாங்குவது என்று முடிவான பிறகும் மூன்று வாரம் ஒரே கேள்வியில் நின்றுகொண்டிருந்தேன். கொசுவலை சேர்த்துத் தைத்ததை வாங்குவதா, வலை இல்லாததை வாங்குவதா? வலையோடு வருவது ஒரு மூடிய கூடு மாதிரி. ஜிப்பை இழுத்துவிட்டால் நிம்மதி. ஆனால் நான் வாங்க நினைத்ததே வானம் பார்க்கத்தான். டிசம்பர் 13, 14 தேதிகளில் ஜெமினிட் எரிகற்பொழிவு வரும். அதை ஜவ்வாது மலையில் படுத்தபடி பார்க்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. முகத்துக்கு நேரே வலை இருந்தால் மங்கலான எரிகற்கள் எல்லாம் போய்விடும் என்று தோன்றியது. கடைசியில் வலை இல்லாத, இருவர் படுக்கக்கூடிய பெரிய அளவில் ஒன்றை வாங்கினேன். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். பட்டைகள், கொக்கிகளுடன் சேர்த்து 1,800 ரூபாய்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் தோன்றியது, இவ்வளவு சின்னதா என்பதுதான். உரிக்காத தேங்காய் அளவில் ஒரு சுருக்குப்பை. எடை முக்கால் கிலோ. உள்ளேயிருந்து இழுக்க இழுக்கத் துணி வந்துகொண்டே இருந்தது. பாராசூட் துணி என்று சொல்லி விற்கப்படும் மெல்லிய நைலான். கையில் எடுத்தால் வழுக்குகிறது, கசக்கினால் சரசரக்கிறது. மூன்று துண்டுகளை நீளவாக்கில் இணைத்துத் தைத்திருந்தார்கள். தையல் இரட்டை ஓட்டம்தானா, எங்காவது நூல் பிரிந்திருக்கிறதா என்று முழு நீளமும் விரலால் தடவிப் பார்த்தேன். இதை எல்லோரும் செய்ய வேண்டும். நம் எடை முழுவதும் அந்த நூலில்தான் தொங்கப்போகிறது.

அம்மா வந்து பார்த்துவிட்டு, "இது தூளிதானே?" என்றார். தூளியேதான். இரண்டு முனையும் சுருக்கிக் கட்டிய துணி. கரீபியன் தீவுகளின் டைனோ மக்கள் இதில்தான் தூங்கினார்கள். 1492இல் கொலம்பஸ் அங்கே பார்த்துக் குறித்தது இதைத்தான், ஹேமக் என்ற சொல்லும் அவர்கள் மொழியிலிருந்து வந்ததுதான். நாம் பிள்ளைகளைத் தூளியில் போட்டோம், அவர்கள் பெரியவர்களும் படுத்தார்கள்.

முதல் சோதனை வேலூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில். கொடிக்கயிறு கட்டியிருக்கும் இரண்டு செங்கல் தூண்களுக்கு நடுவே சரியாக 13 அடி இடைவெளி. அதில் கட்டப் போனேன். கட்டட வேலை பார்க்கும் தம்பி ஓடி வந்து தடுத்தான். "அக்கா, அதுல கட்டாத. அந்தத் தூண் துணியைத்தான் தாங்கும், ஆளைத் தாங்காது."

அவன் கணக்குப் போட்டுக் காட்டியபோதுதான் எனக்கே உறைத்தது. என் எடை 58 கிலோ. பட்டை கிடைக்கோட்டிலிருந்து 30 டிகிரி சாய்வாக இறங்கினால் ஒவ்வொரு பக்கமும் 58 கிலோ இழுவை விழும். இதையே விறைப்பாக இழுத்து 10 டிகிரியில் கட்டினால், ஒவ்வொரு பக்கமும் 167 கிலோ. 5 டிகிரி என்றால் முந்நூறைத் தாண்டிவிடும். படுப்பவர் அதே ஆள்தான், ஆனால் கட்டிய விதத்தில் சுமை ஐந்தாறு மடங்காகிறது. அதுவும் பக்கவாட்டில் இழுக்கும் சுமை. தனியாக நிற்கும் செங்கல் தூணும் கைப்பிடிச் சுவரும் மேலிருந்து அழுத்தும் எடையைத் தாங்கும். பக்கவாட்டில் இழுத்தால் சரிந்து படுத்திருப்பவர் மேலேயே விழும். இந்த வகையில் உயிர்ச்சேதமே நடந்திருக்கிறது. எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் கான்கிரீட் தூண்கள் இரண்டு உண்டு. உள்ளே கம்பி கட்டி, அடித்தளத்திலிருந்து எழும்பியவை. அதில் கட்டினோம்.

30 டிகிரியை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகல விரித்து, ஆள்காட்டி விரல் தரைக்கு இணையாக இருக்கும்படி பட்டைக்குப் பக்கத்தில் பிடித்தால் போதும். இரண்டு விரல் நுனிகளையும் இணைக்கும் சாய்வில் பட்டை ஓடினால் சரி. புதிதாகக் கட்டும் எல்லோரும் தளர்வைப் பார்த்துப் பயந்து இறுக்கித்தான் கட்டுவார்கள். நானும் அப்படித்தான் கட்டினேன். ஆனால் தூளி தொய்ந்துதான் இருக்க வேண்டும். உட்கார்ந்தபின் துணி நாற்காலி உயரத்தில், அதாவது தரையிலிருந்து ஒன்றரை அடியில் நின்றால் போதும். அதற்கு, 13 முதல் 15 அடி இடைவெளியில் பட்டையை ஐந்தடி, ஐந்தரை அடி உயரத்தில் சுற்ற வேண்டியிருந்தது.

படுத்த முதல் பத்து நிமிடம் ஏமாற்றம். நேராகப் படுத்தேன். முதுகு வளைந்து, தோள்கள் இரண்டும் நெருக்கப்பட்டு, வாழைக்காய் மாதிரி கிடந்தேன். இதில் எப்படி ஒரு ராத்திரி தூங்குவது என்று எழுந்துவிட்டேன். அப்புறம் மூலைவாட்டில் படுத்துப் பார்த்தேன். தலை நடுக்கோட்டுக்கு இடப்புறம், கால் வலப்புறம். அவ்வளவுதான், துணி எனக்குக் கீழே பாயாக விரிந்துவிட்டது. முதுகு கிட்டத்தட்டத் தட்டையானது. பெரிய அளவில் வாங்கியதன் பலன் இங்கேதான் தெரிகிறது. அகலம் குறைவான தூளியில் இப்படிக் குறுக்கே படுக்க இடம் இருக்காது. இருவர் படுக்கும் அளவு என்று விற்றாலும், ஒருவர் குறுக்கே படுத்து நிம்மதியாகத் தூங்கும் அளவு என்றுதான் இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கால் பக்கத்தை ஒரு சாண் உயர்த்திக் கட்டியதும் இன்னொரு தொல்லை தீர்ந்தது. உடம்பின் கனம் இடுப்புக்கு மேல்தான் அதிகம். இரண்டு முனையும் சம உயரத்தில் இருந்தால் தூக்கத்தில் மெல்ல மெல்லக் கால் பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறோம். முழங்காலுக்குக் கீழே ஒரு மடித்த துண்டு வைத்தால் மூட்டு பின்னால் வளைந்து வலிப்பதும் இல்லை.

ஏறுவதற்கு முன் கொலுசைக் கழற்ற வேண்டும் என்பதை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. என் மகளின் கொலுசுத் திருகு முதல் நாளே துணியில் மாட்டி, ஒரு விரல் நீளத்துக்கு இழையை இழுத்துவிட்டது. கிழியவில்லை, ஆனால் அந்த இடம் இன்றும் கண்ணில் உறுத்துகிறது. சேஃப்டி பின், ஹேர் கிளிப், சாவிக்கொத்து, இடுப்பு பெல்ட் எல்லாமே எதிரிகள்தான்.

மாடியில் வலை இல்லாததன் அருமை மட்டும்தான் தெரிந்தது. ஏழு மணிக்கு மேல் காற்று வீசியது. கொசு பறப்பதில் கெட்டிக்கார பூச்சி இல்லை, கொஞ்சம் காற்றடித்தாலே அது தடுமாறிவிடும். வீசும் காற்றில் மகளும் நானும் தலையும் காலும் மாற்றிப் படுத்து ஒன்பது மணிவரை கதை பேசினோம். அந்த நம்பிக்கையில்தான் மலைக்குக் கிளம்பினோம்.

ஜவ்வாது மலையில் காட்டுக்குள் நினைத்த இடத்தில் தங்க முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். தம்பியின் நண்பருக்கு ஜமுனாமரத்தூர் பக்கம் சொந்த நிலம் இருந்தது. ஆலங்காயம் வழியாக ஏறினால் காவலூரைத் தாண்டித்தான் போக வேண்டும். 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே இருக்கிறது. வானம் அவ்வளவு இருட்டு என்பதால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மகளிடம் அந்த வெள்ளைக் குவிமாடத்தைக் காட்டியதும் அவளுக்கு இரவுவரை பொறுமை இல்லை.

மரம் தேடுவதில்தான் முக்கால் மணி நேரம் போனது. தூளிக்கு மரம் வேண்டும், வானத்துக்கு மரம் இருக்கக் கூடாது. தோப்புக்குள் கட்டினால் இலைதான் தெரியும். ஆகவே அறுவடை முடிந்த சாமைக் கொல்லையின் ஓரமாக நிற்கும் மரங்களைப் பார்த்தோம். மாமரத்தில் முசுறு எறும்பு இலைகளை ஒட்டிக் கூடு கட்டியிருந்தது. பட்டை அதற்கு ராஜபாட்டை ஆகிவிடும் என்பதால் விட்டோம். முருங்கை எவ்வளவு பருத்திருந்தாலும் முறியும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். புளிய மரம் நல்ல கனம். ஆனால் வீட்டுக்காரப் பாட்டி, "அங்க மட்டும் ராத்திரி படுக்காதம்மா" என்றார். பெரியவர் சொல்லை மீற மனம் வரவில்லை. ஒரு பலா, ஐந்து எட்டு தள்ளி ஒரு நாவல், இரண்டும் இரண்டு கை சேர்த்தாலும் பிடிக்க முடியாத பருமன். மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கட்டினோம். தென்னையாக இருந்திருந்தால் நான் கட்டவே மாட்டேன். மட்டையும் காயும் சொல்லிவிட்டு விழுவதில்லை.

பட்டை ஓரங்குல அகலம் இருந்ததால் மரத்தோலை அறுக்கவில்லை. மெல்லிய கயிறு அறுத்துவிடும். பட்டை தூளியைச் சேரும் இடத்துக்குச் சற்று முன் வேப்பெண்ணெய் தோய்த்த துணி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். எறும்பு அதைத் தாண்டவில்லை. பனியோ மழையோ பட்டை வழியாக ஓடி வந்தாலும் அந்தத் துணி முனையில் சொட்டிவிடும், தூளி நனையாது.

சாயங்காலம் ஐந்தரைக்குக் கொசு வந்தது. காலில் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஏடிஸ் வகை. பகலிலும் பொழுது சாயும்போதும் கடிப்பது, டெங்குவைப் பரப்பக்கூடியது. முழுக்கைச் சட்டை, காலுறை, திறந்த இடமெல்லாம் கொசு விரட்டும் களிம்பு. பாட்டி ஒரு சட்டியில் கனல் போட்டு, பச்சை நொச்சித் தழையை மேலே தூவிக் காற்று வரும் திசையில் வைத்தார். புகை கண்ணைக் கரித்தாலும் பலன் இருந்தது. சட்டியை பத்தடிக்கு அப்பால் வைக்கச் சொன்னேன். ஒரு பொறி பட்டால் நைலான் எரியாமலே உருகி ஓட்டையாகிவிடும்.

ஒன்பது மணிக்கு மேல் குளிர்ந்த காற்று கிளம்பியது. கொசு அடங்கிவிட்டது என்றே நினைத்தேன். முகத்தருகே ரீங்காரம் இல்லை. கார்த்திகைக் கூட்டம் உச்சிக்கு வந்திருந்தது. கிழக்கே புனர்பூசத்தின் இரண்டு நட்சத்திரங்களும் ஏறிக்கொண்டிருந்தன. ஜெமினிட் எரிகற்கள் அந்தப் பக்கத்திலிருந்துதான் சிதறுவதுபோலத் தெரியும். பொதுவாக எரிகற்பொழிவு வால்மீன் விட்டுச் சென்ற தூசியால் வரும்; இது பேத்தான் என்ற சிறுகோள் விட்டுச் சென்ற துகள்களால் வருவது. பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே மகள் 61 எண்ணினாள். ஒன்று பச்சை கலந்த வெள்ளையில் பாதி வானத்தைக் கடந்தது. நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. கழுத்து வலிக்காமல், தரையின் ஈரம் தெரியாமல், மெல்ல ஆடியபடி அதைப் பார்த்த அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே வலை இல்லாததை வாங்கியது சரி என்று இன்றும் சொல்வேன்.

பெரிய துணியில் ஒரு குறை உண்டு. படுத்தவுடன் இரண்டு பக்கமும் மிச்சத் துணி நெஞ்சு உயரத்துக்கு எழுந்து, முகத்துப் பக்கம் மடிந்து வானத்தை மறைக்கும். அதை உடம்புக்கு அடியில் திணித்துக்கொண்டேன். ஆனால் காற்று வலுத்தபோது அதே மிச்சத் துணியை மேலே இழுத்துப் போர்வையாகப் போர்த்திக்கொள்ளவும் முடிந்தது.

பன்னிரண்டு மணிக்கு மகளை வீட்டுக்குள் பாட்டியோடு படுக்கவைத்துவிட்டுத் திரும்பி வந்து தனியாகப் படுத்தேன். இருவர் படுத்தால் இருவரும் நடுவில் உருண்டு ஒருவர்மேல் ஒருவர் சாய்வார்கள். பேசலாம், தூங்க முடியாது.

இரண்டு மணிக்குக் குளிரில் விழிப்பு வந்தது. கம்பளி மேலே இருக்கிறது, நெஞ்சு கதகதப்பாக இருக்கிறது, முதுகும் இடுப்பும் மட்டும் பனிக்கட்டியில் கிடப்பதுபோல. கம்பளியை உடம்புக்குக் கீழே திணித்தேன். பத்து நிமிடத்தில் மறுபடி அதே குளிர். எடையில் நசுங்கிய கம்பளிக்குள் காற்று இல்லை, காற்று இல்லாவிட்டால் சூடு தங்காது. கட்டிலில் படுத்தால் கீழே மெத்தை இருக்கும், தரையில் படுத்தால் பாயும் மண்ணும் இருக்கும். தூளிக்குக் கீழே வீசும் காற்று மட்டும்தான். வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே முதுகில் இது தெரியும். அன்றைக்கு தம்பியின் கைக்கடிகாரம் 16 காட்டியது.

காலையில் பார்த்தால் இடுப்பிலும் தொடையின் பின்பக்கத்திலும் தோளிலும் தடிப்புகள். முகத்தில், கையில் ஒன்றுகூட இல்லை. எங்கெல்லாம் துணி உடம்போடு விறைத்து ஒட்டியிருந்ததோ அங்கெல்லாம் கடி. காற்று வீசாத தூளியின் அடிமடியில் உட்கார்ந்து, மெல்லிய நைலானையும் என் உடையையும் சேர்த்துத் துளைத்துக் கடித்திருக்கின்றன.

வலை வேண்டுமா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தபோதெல்லாம் நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைய இரவில் எனக்கு மேலே ஒரு தொல்லையும் இல்லை. குளிரும் கொசுவும் இரண்டுமே கீழேயிருந்துதான் வந்தன. வீட்டுக் கட்டிலுக்குப் போடும் வலையைத் தூளிக்கு மேலே ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாலும் எனக்கு அதே கடிகள் விழுந்திருக்கும், அடிப்பக்கம் திறந்துதானே இருந்திருக்கும்.

இதற்கு நான் கண்ட வழி மலிவானது. பழைய கம்பளி ஒன்றை எடுத்து, அதன் இரண்டு முனைகளையும் சுருக்கிக் கயிறு கட்டி, தூளிக்கு அடியில் இன்னொரு தூளி மாதிரி தொங்கவிட்டேன். உடம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். இறுக்கினால் நசுங்கும், தளர்ந்தால் நடுவே காற்று புகும். நாலைந்து முறை கயிற்றைக் கூட்டிக் குறைத்தபின் பிடிபட்டது. நசுங்காத கம்பளி சூட்டைப் பிடித்து வைக்கிறது, அதன் கனத்தைத் தாண்டிக் கொசுவின் ஊசி எட்டுவதில்லை. தூளிக்குள் யோகா பாய் விரிப்பதையும் பார்த்தேன். குளிர் நிற்கிறது, ஆனால் நைலானில் வழுக்கி இரவெல்லாம் பக்கவாட்டில் ஓடுகிறது.

வலையை அதன்பிறகுதான் தனியாகத் தைத்தேன். எங்கள் தெருத் தையல்காரரிடம் கறுப்பு வலைத்துணி கொடுத்து, தலையணை உறையின் இரண்டு முனையும் திறந்திருப்பதுபோல ஒரு குழாய் தைக்கச் சொன்னேன். நீளம் 3.2 மீட்டர், சுற்றளவு 4 மீட்டர், இரண்டு முனையிலும் பாவாடை நாடா. தூளி முழுவதும் அதற்குள் போய்விடும், அடிப்பக்கமும் மூடியிருக்கும். தூளியின் இரண்டு முனைகளுக்கும் நடுவே 2.5 மீட்டர் மேல்கயிறு கட்டினேன். அது தூளி நீளத்தில் ஆறில் ஐந்து பங்கு. கயிறு வலையை முகத்திலிருந்து தூக்கிப் பிடிக்கிறது, எந்த மரத்தில் கட்டினாலும் தொய்வு ஒரே அளவில் வருகிறது. கறுப்பை வற்புறுத்திக் கேட்டேன். வெள்ளை வலை டார்ச் வெளிச்சத்தைத் திருப்பி அடித்துக் கண்ணைக் கூசவைக்கும், கறுப்பு வழியாக வெளியே நன்றாகத் தெரியும். மூன்றாவது மாதம் அதே இடத்துக்குப் போனபோது, பொழுது சாய்ந்ததிலிருந்து ஒன்பது மணிவரை வலைக்குள் இருந்தோம். காற்று கிளம்பியதும் நாடாவைத் தளர்த்தி, வலையைக் கால் பக்கம் சுருட்டிவிட்டு வானம் பார்த்தோம். சேர்த்துத் தைத்த வலையில் இவ்வளவு சுலபமாக முடியாது.

வலை இல்லாமலே போதும் என்று நான் சொல்லும் இடங்களும் உண்டு. காற்றடிக்கும் மொட்டைமாடி, சித்திரை வெயில் மதியத்தில் மாந்தோப்பு. ஆனால் மழைக்காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும் குழந்தையை வலை இல்லாமல் அந்தி நேரத்தில் வெளியே படுக்கவைக்கவே மாட்டேன். அந்தத் தவறை அந்த முதல் இரவில் செய்தேன். களிம்பும் புகையும் இருந்ததை நம்பினேன், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

தரையைத் தொடாமல் படுப்பதால் பூச்சி பற்றிய கவலை விட்டது என்றும் எண்ண வேண்டாம். தமிழ்நாட்டில் மழைக்குப் பின் வரும் குளிர் மாதங்களில் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் கூடுகிறது. புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிப்பூச்சியின் இளம்பருவம் கடித்து வருவது. தூளியில் இருக்கும்வரை அது நம்மை எட்டுவது கடினம், இறங்கிப் புல்லில் நடந்தால் எட்டிவிடும். நீளக் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்வதும், வீடு திரும்பியதும் குளித்து உடையைத் துவைப்பதும் நல்ல பாதுகாப்பு. ஒரு வாரம், பத்து நாளில் காய்ச்சலோ சிகரெட் சுட்டது மாதிரி கறுத்த பொருக்கோ வந்தால், காட்டுப் பக்கம் போனதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சீக்கிரம் கண்டால் மருந்தில் குணமாகும். செருப்பைத் தரையில் விடாமல் பட்டையில் மாட்டிவிடுங்கள். இறங்கும் முன் டார்ச் அடித்துத் தரையைப் பாருங்கள். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும்.

நைலான் ஈரம் பட்டால் நீளும். முதல் இரவில் பனி இறங்கி, காலைக்குள் நான் நாலு விரல் தாழ்ந்திருந்தேன். அதனால் இப்போது உட்காரும் உயரத்துக்கு ஒரு சாண் கூட்டியே கட்டுகிறேன். அடுத்து பட்டை வாங்கினால் பாலியெஸ்டரில்தான் வாங்குவேன், அது அவ்வளவு இழுபடாது. வீடு வந்ததும் ஈரத்தோடு பையில் திணிக்காமல் நிழலில் ஒரு நாள் உலர்த்துகிறேன்.

இப்போது சுருக்குப்பையில் தூளி, இன்னொரு பையில் வலை, மூன்றாவதாகக் கம்பளியும் கயிறும். மூன்றும் சேர்ந்து இரண்டரை கிலோ வருகிறது. அதில் கம்பளிதான் கனம், அதை மட்டும் எதற்காகவும் வீட்டில் விட்டுவிட்டுப் போவதில்லை.